கையெழுத்து மாமாவும் நுரைக் கான்கிரீட்டும்

எங்க அக்கா வீட்டுக்காரரை ஆபீஸ்ல எல்லாரும் 'கையெழுத்து'ன்னுதான் கூப்பிடுவாங்க. நான் மட்டும் மாமான்னு கூப்பிடுவேன், வேற வழி? சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பேனா. ஒண்ணு தீர்ந்துட்டா வேலை நின்னுடுமாம். என்ன பெரிய வேலை? வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடற வேலை. இருபத்தாறு வருஷமா ரோடு சூப்பர்வைசர், ஒரு குழியையாவது குனிஞ்சு பாத்திருப்பாரா? குனிஞ்சா பேண்ட் மடிப்பு கலைஞ்சுடும்.

அவர் வீதிக்கு நாலு தடவை ரோடு போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் பழசைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும். "சுரண்டியாச்சு"ன்னு மாமா நாற்காலியில உக்காந்தே எழுதிக் குடுத்தார். அவர் சுரண்டினது தலையை மட்டும்தான். ரோடு ஏற ஏற, மூணு படி ஏறிப் போன அவர் வீட்டுக்கு இப்ப ரெண்டு படி இறங்கிப் போகணும். வீதியிலேயே பள்ளமான வீடு அதுதான்.

அதை விடுங்க. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி புது சாக்கடை லைன் வந்தது. எல்லா வீட்டு இணைப்பையும் பழைய செங்கல் வாய்க்கால்லேர்ந்து புதுசுக்கு மாத்தணும். மாமா அப்பதான் வாசல்ல பளபளன்னு கல்லு பதிச்சிருந்தார். தோண்டினா கல்லு போயிடுமே! "என் வீடும் மாத்தியாச்சு"ன்னு போட்டார் ஒரு கையெழுத்து. "வெளிய மூச்சு விட்டே, தொலைஞ்சே"ன்னு அக்காவுக்கு உத்தரவு. தண்ணி போகாம, நாத்தம் தாங்காம, அவதான் குச்சியை வச்சுக் குத்திக்கிட்டுக் கிடந்தா. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்வாங்க. மாமாவோடது பன்னெண்டு வருஷம் ஓடுச்சு. எனக்கே அப்போ தெரியாது.

போன மாசம் அந்த வீதியில ஒரு லாரிச் சக்கரம் ரோட்டுக்குள்ள இறங்கிடுச்சு. கீழே பழைய வாய்க்கால் காலியா கெடக்கு இல்ல, அதை நுரைக் கான்கிரீட் போட்டு அடைக்கணும்னு முடிவாச்சு. அந்த மெஷின் ஓட்டறது நான்தான். சிமெண்டு, தண்ணி, அதுல மெஷின் அடிக்கிற நுரை, அவ்வளவுதான். எடை கம்மி, பழைய சுவரைத் தள்ளாது. மண்ணு மாதிரி குத்தி இறுக்க வேண்டாம், தானா ஓடி தானா சமமாகும். ஆனா ஒரு ஓட்டையை விடாது. எங்க வழி கெடச்சாலும் புகுந்து, மறுநாள் இறுகிடும். அதனாலதான் முதல்ல ஒவ்வொரு வீட்டு பாத்ரூம்லயும் கலர் தண்ணி ஊத்தி, பழைய வாய்க்கால்ல வருதான்னு பாக்கணும்.

முப்பத்தெட்டு வீடும் பாத்தாச்சுன்னு கையெழுத்து வந்துடுச்சு. டீ ஆறுறதுக்குள்ள.

"மாமா, உங்க வீட்டுலயும் ஊத்திப் பாத்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"என் வீட்டுக்கு நானே டெஸ்ட் வைக்கணுமாடா? சோப்பு நுரை அடிக்கிறவனுக்கு வாயைப் பாரு! மெஷினைப் போடு மச்சான்."

நுரைதானே, பாதி வழியில அமுங்கிடும்னு நெனச்சிருக்கார் மகானுபாவர். இருபத்தாறு வருஷ அனுபவம்!

மெஷினைப் போட்டேன். பதினொரு மணிக்கு அக்கா போன் பண்ணினா. "தம்பி, நிறுத்துடா! பாத்ரூம் ஓட்டையில சாம்பல் கலர்ல என்னமோ பொங்கி வருது. கூடத்துக்கே வந்துடுச்சுடா!"

நிறுத்திட்டு ஓடினேன். வீட்டுக்குள்ள நுரை கணுக்கால் அளவு நின்னுச்சு. அக்கா போர்வை, தலகாணி எல்லாத்தையும் ரூம் வாசப்படியில போட்டு அணை கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா. இணைப்பை மாத்தவே இல்லைன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அந்த ஓட்டை, அந்தக் குழாய், எதுவுமே இனி உதவாது. உடைச்சுத்தான் எடுக்கணும்.

மாமா வந்தார், பேண்டைச் சுருட்டிக்கிட்டு. வந்தவர் என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கிட்டுப் போனார். "மச்சான், பிரஷரை ஜாஸ்தி வச்சுட்டேன்னு ஒத்துக்கடா. உனக்கு சின்ன வயசு, எங்க போனாலும் வேலை கெடைக்கும்."

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு மாமா."

"குடும்பத்துக்காக இதுகூட செய்ய மாட்டியா?"

குடும்பமாம்! த்தூ. ஆனா அக்கா முகத்தைப் பாத்ததும் உண்மையை வெளிய சொல்ல மனசு வரலை. நான் உளறினா தெருவுல நிக்கப் போறது அவ வாழ்க்கையும்தானே.

அதுக்குள்ள இன்ஜினியர் மேடம் வந்துட்டாங்க. மாமா சொல்லச் சொல்ல எழுதினாங்க: மெஷின் ஓட்டினவன் கவனக்குறைவு. தாளை என்கிட்ட நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டா வேலை காலி.

குறுக்கால ஒரு கை வந்து தாளை வாங்குச்சு. அக்கா. முழங்கை வரைக்கும் சாம்பல்.

படிச்சா. "இது பொய் மேடம். எங்க வீட்டுத் தண்ணி பன்னெண்டு வருஷமா பழைய வாய்க்கால்லதான் போகுது. இவரு மாத்தவே இல்லை. வேற தாள்ல எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"ஏய், உனக்கென்ன தெரியும்?"ன்னார் மாமா.

"குச்சி வச்சுக் குத்தினவ நான்தானே?"

மேடம் வேற தாள்ல எழுதினாங்க. அக்கா விரலை வச்சு ஒவ்வொரு வரியா படிச்சா. படிச்சு முடிச்சுட்டு, மறுபடி மேலேர்ந்து படிச்சா. அப்புறம் மாமா பையிலேர்ந்து ஒரு பேனாவை உருவி கையெழுத்துப் போட்டா.

பேனாவைத் திருப்பிக் குடுக்கலை.