பத்து மணிக்கு மெதுவாகும் பிரிண்டர்

லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் இரண்டாவது முறை போனது, முதல் முறை நானே எழுதிய ஒரு வரியைச் சரிபார்க்க. வேலைச் சீட்டில் ‘பிரிண்டரில் பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது பொய்யல்ல. தாள் மெதுவாக வருகிறது என்ற முறைப்பாட்டுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போய், பத்துப் பக்கம் அச்சிட்டு, பத்தும் ஒழுங்காக வந்த பிறகு எழுதியது. ஹட்டனில் நான் வேலை செய்யும் கணினிக் கடையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்காவது போக வேண்டியிருக்கும். அங்கே அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் அந்தத் தோட்டத்தின் டிவிஷன் ஆபீஸில் கணக்கெழுதும் புதிய கிளாக்கர், என் வயதுப் பெண்.

“மிஸ், நீங்க எழுதுன சீட்ட பெரிய கிளாக்கர் ஐயா என் ஃபைல்ல வச்சிட்டாரு. பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு, நான்தான் லேட் பண்றேன்னு தொரைக்கு எழுதப் போறாராம். என்னைய நிரந்தரமாக்குறதா வேணாமான்னு இந்த மாசக் கடைசியிலதான் முடிவு பண்றாங்க.”

அவர் குரலில் அழுகை இல்லை. “பிழை என் மேல இருந்தா நானே ஒத்துக்குவேன். ஒருக்கா வந்து பாத்துட்டு சொல்லுங்க,” என்றார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து அந்த ஆபீஸில் நாற்காலி பிடித்த முதல் பெண் அவர். இதை அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை என்னை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரர் சொன்னார், ஏதோ தன் சொந்தத் தங்கை பரீட்சையில் தேறியதைப் போல.

ஆபீஸையும் மடுவத்தையும் ஒரு பலகைச் சுவர்தான் பிரித்தது. பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகைதான் மடுவம். காலை பத்து, பகல் பன்னிரண்டரை, மாலை நான்கு என நாளுக்கு மூன்று முறை நிறுவை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் ஆபீஸ் கணினியில் மொத்த எடையைப் பதிந்து ஒரு தாளை அச்சிடுவார். அந்தத் தாள் இல்லாமல் கொழுந்து லொறி தொழிற்சாலைக்குப் புறப்படாது. தாமதமானால் சாக்குக்குள் கொழுந்து சூடேறும். தொழிற்சாலையிலிருந்து தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு முறைப்பாடு போகும்.

பிரிண்டர் ஆபீஸில் இல்லை. மடுவத்தின் மறுகோடியில், லொறி நிற்கும் பக்கத்துச் சிறு அறையில் இருந்தது. லொறிக்காரர் சேற்றுக்காலோடு ஆபீஸுக்குள் வரக் கூடாது என்று பெரிய கிளாக்கர் அதை அங்கே மாற்றியிருந்தார். மாற்றிய அதே மாதம்தான் அந்தப் பெண்ணும் வேலைக்குச் சேர்ந்தார்.

“நான் காலையில எட்டரைக்கு பிரிண்ட் எடுக்கிறேன், சாயந்தரம் அஞ்சுக்கு எடுக்கிறேன். டக்குனு வருது,” என்றார் பெரிய கிளாக்கர். “மெஷினுக்கும் ஆள் தெரியுது போல.”

“மெஷினுக்கு ஆள் தெரியாதுங்க ஐயா. நேரம் தெரியும்,” என்றேன். அப்போது அது வாய்க்கு வந்த பதில்தான். என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை.

ஆபீஸில் என் லெப்டொப்பை வைத்து, பிரிண்டரைத் தொடர்ந்து ‘பிங்’ செய்யவிட்டேன். இருக்கிறாயா என்று ஒரு சிறு செய்தி போகும், இருக்கிறேன் என்று பதில் வரும், இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று திரையில் விழும். கால் மணிக்கு ஒருமுறை கொப்பியில் குறித்துக்கொண்டேன். ஒன்பதுக்கு நான்கு மில்லிசெக்கன்ட். ஒன்பதேகாலுக்கும் நான்கு. ஒன்பதரைக்கு ஐந்து. எந்த ஆபீஸிலும் பார்க்கக்கூடிய எண்கள்.

பத்து மணிக்குக் கொழுந்து பறித்த பெண்கள் வரத் தொடங்கினார்கள். பத்தேகாலுக்குத் திரையில் எண்பது வந்தது. பிறகு நானூறு. பிறகு ஆயிரத்துக்கு மேல். பிறகு பதிலே இல்லை. மீண்டும் அறுபது. அந்தப் பெண் எடைகளைப் பதிந்து அச்சிடக் கொடுத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே லொறி ஹோன் அடித்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். தாள் வர ஒன்பது நிமிடம். அதில் அவருடைய விரல் பட வேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை.

“அவ்வளவு பொம்பளைங்களும் போனோட வர்றாளுங்க. வைஃபைய திருடுறாளுங்க,” என்றார் பெரிய கிளாக்கர்.

ஆபீஸின் வைஃபை ரவுட்டரில் இணைந்திருப்பவற்றைத் திறந்து காட்டினேன். பிரிண்டர், ஆபீஸ் கணினி, என் லெப்டொப், அவருடைய சொந்த போன். வேறெதுவும் இல்லை. அவர் தன் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் கொப்பியில் ஆறு சந்தேகங்கள் இருந்தன. தூக்க நிலை, வேறொரு கருவிக்கும் அதே முகவரி, மின்சாரக் குறைவு, பழைய மென்பொருள், நெரிசல், ரவுட்டர் சூடேறுவது. பன்னிரண்டு மணிக்குள் ஆறையும் சோதித்து வெட்டிவிட்டேன். லொறி போனதும் எண்கள் தாமாகவே நான்குக்குத் திரும்பியிருந்தன. எஞ்சியது, மடுவத்துக்குள்ளேயே போய் நிற்பது. அதை முதல் வருகையிலேயே செய்திருக்க வேண்டும்.

பன்னிரண்டரை நிறுவைக்கு லெப்டொப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பிரிண்டர் பக்கத்தில் நின்றேன். காலையிலிருந்து தூறல். நிறுத்த கொழுந்தைச் சாக்குகளில் கட்டி, இரண்டு ஆண்கள் பலகைச் சுவரை ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை, இரண்டு வரிசை, என் நெஞ்சு உயரம், தலைக்கு மேல். ஒவ்வொரு வரிசைக்கும் திரையில் எண் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம், சரியாக அதே இடத்தில்தான் ரவுட்டர் தொங்கியது.

“அண்ணே, இந்தச் சாக்கையெல்லாம் அஞ்சு நிமிசம் அந்தப் பக்கம் வைக்க முடியுமா?” என்று அவர்களில் மூத்தவரிடம் கேட்டேன்.

“எதுக்கு? அந்தப் பக்கம் கூர ஒழுகும். வாசப்பக்கம் வச்சா வெயில் வந்தா கொழுந்து வெந்துரும். இந்தச் செவுருதான் எப்பவும் எடம்.”

“கிளாக்கர் புள்ளைக்காக. அஞ்சே நிமிசம்.”

அவர் பலகைச் சுவரின் இடுக்கு வழியாக ஆபீஸைப் பார்த்தார். பிறகு மற்றவரிடம், “தூக்குடா. நம்ம புள்ள லேட் பண்ணுதுன்னு லொறிக்காரன் ஒரு மாசமா ஹோன் அடிக்கிறான், நம்ம தூக்கி வச்சதாலயான்னு பாப்போம்,” என்றார்.

சாக்குகள் நகர்ந்தன. முந்நூறு, தொண்ணூறு, பன்னிரண்டு, ஐந்து. என் பின்னால் பிரிண்டர் உறுமி, அதுவரை வராமல் நின்ற கொழுந்துத் தாளைத் துப்பியது. திரும்ப அடுக்கச் சொன்னேன். எண்கள் திரும்ப ஏறின. இன்னொரு முறையும் நகர்த்தச் சொன்னேன். மூத்தவர் முறைத்தார், ஆனால் தூக்கினார். ஒரு முறை நடந்ததை நான் எழுத மாட்டேன். இரண்டு முறை நடந்தால்தான் எழுதுவேன்.

பெரிய கிளாக்கரை அழைத்துக் காட்டினேன்.

“கொழுந்து என்னத்துக்கு பிரிண்டர புடிச்சு இழுக்குது?”

“இழுக்கலைங்க ஐயா. வைஃபை அலைய தண்ணி குடிச்சிரும். பச்சக் கொழுந்துல பாதிக்கு மேல தண்ணி. மழைன்னா சாக்கும் ஈரம். இது ஒரு தண்ணிச் செவுரு. நீங்க எட்டரைக்கும் அஞ்சுக்கும் எடுக்கும்போது இங்க ஒரு சாக்கும் இல்ல.”

“அப்ப கொழுந்த எங்க வைக்கிறது?”

“கொழுந்து இங்கயே இருக்கட்டும். அதுக்கு இதுதான் நல்ல எடம்னு அவங்களுக்குத் தெரியும். நான் வயர் போட்டுர்றேன்.”

கூரைத் தடியை ஒட்டி, எலி கடிக்காதபடி குழாய்க்குள் விட்டு, ரவுட்டரிலிருந்து பிரிண்டர் வரை கேபிள் இழுத்தேன். சாக்கு அடுக்கிய மூத்தவர்தான் ஏணியைப் பிடித்தார். நான்கு மணி நிறுவைக்குச் சாக்குகள் வழக்கமான சுவரில் தலைக்கு மேல் ஏறின. ஆபீஸில் வைத்த லெப்டொப்பின் திரையில் ஒன்று, ஒன்று, ஒன்று.

அந்த நேரத்திலேயே புதிய வேலைச் சீட்டைத் தட்டச்சு செய்து, அதே பிரிண்டருக்கு அனுப்பினேன். அந்தப் பெண்ணின் கொழுந்துத் தாள் முன்னால் வந்தது, என் சீட்டு அதன் பின்னாலேயே வந்தது. அதில் எழுதியிருந்தது இதுதான்: பிரிண்டரை மடுவத்துக்கு மாற்றியதிலிருந்து நிறுவை நேரங்களில் மட்டும் கொழுந்துச் சாக்குகளால் வைஃபை தடைப்பட்டது. தாமதத்துக்குக் கிளாக்கர் காரணமல்ல. என்னுடைய முந்தைய சீட்டு காலை ஒன்பது மணிக்கு மட்டுமே பொருந்தும்; அந்த நேரத்தைக் குறிப்பிடாதது என் பிழை.

பெரிய கிளாக்கர் இரண்டு முறை வாசித்தார். “பிரிண்டர மாத்துனதுன்னு இருக்கு. யாரு மாத்துனதுன்னு இல்லையே?”

“பிரிண்டருக்கு அது தேவையில்லைங்க ஐயா.”

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு ஃபைலைத் திறந்து என் பழைய சீட்டைக் கிழிப்பதற்காக உருவினார்.

“வேணாம் ஐயா,” என்றார் அந்தப் பெண். “ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும். தொர ரெண்டையும் படிக்கட்டும்.”

பெரிய கிளாக்கர் பழைய சீட்டைக் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து கிளிப் போட்டு வைத்தார்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் கடைத் தொலைபேசி அடித்தது. பிரிண்டருக்கு மை வேண்டுமாம். எந்தத் தோட்டம், யார் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“கிளாக்கர் பேசுறேன் மிஸ்,” என்றது குரல். “அதே ஆளுதான். இனிமேலும் நான்தான் பேசுவேன், நம்பர எழுதி வச்சுக்கோங்க.”