நாற்பத்தொன்றாம் எண் சுறா

கடிகாரக் கடை அக்காவுக்குத் தூண்டில்தான் ஓய்வு. வாரத்தில் ஆறு நாள் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்சக்கரங்களோடு மல்லுக்கட்டுவாள். ஏழாம் நாள் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பாள்.

அவள் தேடிப் போவது பால் சுறா. முழுதாக வளர்ந்தாலும் ஒரு கை நீளத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கும் கரையோரச் சுறா. சிக்கியதைத் தண்ணீருக்குள்ளேயே மல்லாக்கத் திருப்பினால் மயங்கினதுபோல் அடங்கிவிடும். அதற்குள் கொக்கியைக் கழற்றி, நீளம் அளந்து, கடலாராய்ச்சி நிலையம் கொடுத்த எண் பட்டையை முதுகுத் துடுப்பில் குத்தி விட்டுவிடுவாள்.

"மீன் பிடிக்கப் போறியா, தடுப்பூசி போடப் போறியா?" என்று தம்பி கிண்டலடிப்பான்.

தம்பி படகோட்டி. தூண்டில் ஆசைக்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. பெற்றோர் போனபின் அவனை ஆளாக்கியவள் அவள்தான். அதனால் அந்த ஓடையைப் பற்றி அவனிடம் சொன்னது வாய் தவறி அல்ல, மனசறிந்தே சொன்னாள். சதுப்புக்குப் பின்னால் இருந்த அந்த ஓடையில், தொப்புள் புண்கூட ஆறாத குட்டிகளை மூன்று கோடையாகப் பார்த்துவந்தாள். பால் சுறா முட்டையிடாது. ஏறக்குறைய ஒரு வருஷம் வயிற்றில் சுமந்து, பெரிய சுறாக்கள் வர முடியாத ஆழமற்ற தண்ணீரில் நாலைந்து குட்டி போடும்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"என்னக்கா, என்னை நம்பமாட்டியா?"

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், நிலையத்திலிருந்து போன் வந்தது. "உங்க நாற்பத்தொன்னாம் நம்பர் கிடைச்சிருக்கும்மா. தூண்டில் போட்டியில, சின்னச் சுறாப் பிரிவுல முதல் பரிசு. வயித்துல அஞ்சு குட்டி."

போட்டியில் பரிசு எடைக்குத்தான். சூல் கொண்ட சுறாவுக்கு எடை கூடுதல். சூல் சுறாக்கள் வரும் அந்த ஓடை தெரிந்த ஆள் யாரென்று அவள் கேட்கவேயில்லை. போனில் இருந்தவரே படகின் பெயரையும் சொல்லிவிட்டார். கையிலிருந்த இடுக்கி நழுவி, திறந்து கிடந்த கடிகாரத்தின் மேல் விழுந்தது.

கடையை அப்படியே போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தாள். தம்பி படகைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஆளுங்களை அந்த ஓடைக்கு எத்தனை தடவை கூட்டிட்டுப் போனே?"

அவன் குழாயை மூடவில்லை. "சுறாதானேக்கா. கடல்ல இல்லாததா?"

"நான் கேட்டது சுறாவைப் பத்தி இல்லடா."

ஒரு வார்த்தை மன்னிப்பு வருமென்று நின்று பார்த்தாள். தண்ணீர்தான் அவள் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் ஓடையின் வரைபடத்தையும் மூன்று கோடைக் குறிப்புகளையும் நிலையத்தில் கொடுத்தாள். கோடை முழுக்க அங்கே தூண்டிலுக்குத் தடை வந்தது. அவளுக்கும் சேர்த்துத்தான்.

தம்பி கடை வாசலுக்கு வந்து கத்தினான். "சொந்தத் தம்பி வயித்துல அடிச்சிட்டியே!"

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தாள். சக்கரப் பற்கள் கலங்கலாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள்; அப்போதும் தெளியவில்லை.