நான் நனையாத உபின் தீவு மழை

இன்று மதியம், சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில், என் கணவரின் திதிச் சாப்பாட்டில்...

என் நாத்தனார் புஷ்பம் மறுபடியும் அந்தப் புயல் கதையை ஆரம்பித்தாள்!

அறுபதுகளில் நடந்த கதை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. (சாம்பாரில் காரம் அதிகம் என்பது வேறு விஷயம்!)

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான். பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அவர் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு உபின் தீவுக்குப் பிக்னிக் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அதுவரை ஒரு தீவையும் பார்த்திராதவள் நான். (சிங்கப்பூரே தீவுதான், தெரியும்!)

நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் எலுமிச்சைச் சோறு கிளறினேன்.

கிளம்பும் நேரத்தில் மாமியார் வானத்தைப் பார்த்தார்.

"புதுப் பொண்ணு, இந்த மழக்காலத்துல போட்ல ஏறக் கூடாது. புஷ்பம் போவட்டும்!"

என் கணவர் செருப்பை மாட்டப் போய்விட்டார். புஷ்பம் ரிப்பன் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். என் எலுமிச்சைச் சோறும் அவளோடு போய்விட்டது!

மதியமே வானம் இருண்டது. காற்று சன்னல் கதவுகளை அடித்து நொறுக்கியது. பொழுது சாய்ந்தும் அவர்கள் வரவில்லை.

மாமியாரும் நானும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம். படகு கவிழ்ந்திருக்குமோ என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. இருவரும் அதையேதான் நினைத்தோம்.

மறுநாள் காலை வந்து சேர்ந்தார்கள்.

எப்படி? சிரித்துக்கொண்டு!

புஷ்பம் யாரோ ஒரு மலாய் அம்மாவின் சாரோங்கைக் கட்டியிருந்தாள்.

"அண்ணி! நீங்க வந்திருக்கணும் லா! போட்காரர் வரமாட்டேன்னுட்டாரு. மீன் பிடிக்கிறவங்க வீட்லதான் ராத்திரி பூரா! சுடச்சுட சோறு, மொளகாச் சம்பால்! அண்ணன் பாட்டெல்லாம் பாடுச்சு!"

பாட்டா? என்னிடம் உப்பு கேட்கக்கூட வெட்கப்படுகிற மனிதர் பாடினாரா?

"உயிரோட இருக்கீங்களான்னு தெரியாம நாங்க இங்க செத்துக்கிட்டு இருந்தோம்!" என்றேன்.

"அதான் வந்துட்டோம்ல. ஏன் அழுவுற?" என்றார் அவர்.

"அண்ணே, அந்தச் சேவல்..." என்றாள் புஷ்பம். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

என்ன சேவல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை!

பிறகு வீட்டில் எப்போதும் அதே பேச்சு. நான் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க!"

போனோம். நாங்கள் இருவர் மட்டும். கடல் அசையாமல் கிடந்தது.

"பாரு, ஒரு மேகம்கூட இல்ல!" என்றார் பெருமையாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாடச் சொன்னேன்.

"சும்மா எப்படிப் பாடுறது?"

இருட்டும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டோம்!

இப்போது அவர் இல்லை. அவர் பாடிய அந்த இரவு புஷ்பத்திடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. என் பொறாமையெல்லாம் அதன்மேல்தான்.

சரி, இன்றைய திதிச் சாப்பாட்டுக்கே திரும்பி வருகிறேன்.

கதையின் பாதியில் புஷ்பம் நின்றுவிட்டாள். கொஞ்ச நாளாக அவளுக்கு மறதி.

"கூரை ஒழுவுச்சு... அப்புறம்... அப்புறம் என்ன ஆச்சு அண்ணி?"

பேரப்பிள்ளைகள் காத்திருந்தார்கள். எத்தனை முறை கேட்ட கதை! என் வாய் தானாகத் திறந்தது.

"அப்புறம் தாத்தா ஒரு பாயை எடுத்து எல்லார் தலைக்கும் மேல தூக்கிப் பிடிச்சாரு. கை வலிச்சாலும் விடல. வலி தெரியாம இருக்கத்தான் பாடவே ஆரம்பிச்சாரு."

பேத்தி கண்களை விரித்தாள். "பாட்டி, நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"இருந்தேனே!" என்றேன்.

புஷ்பம் என்னையே பார்த்தாள்.

"ஆமா, அண்ணி என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க," என்றாள்.

அது மறதியா, தெரிந்தே சொன்னாளா? நான் கேட்கவில்லை.

நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?