புரூஃப் பார்க்காத கடிதம்

“பதில் வந்துடுச்சாமே?” என்று பெரியப்பா கேட்டார். நான் செருப்பைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை.

“வந்திருக்கு பெரியப்பா. ரெண்டு பக்கம்.”

“புதைச்ச இடம் போட்டிருக்கா?”

“இல்ல.”

“செத்த தேதி?”

“அதுவும் இல்ல. விடுதலை பண்ணின தேதிதான் இருக்கு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “செத்துப்போனவரை யாரும்மா விடுதலை பண்ணுவாங்க? வேற யாரோட பேப்பரையோ அனுப்பிட்டாங்க.”

“பேரு, அவங்கப்பா பேரு, பிறந்த ஊரு, முழங்கைத் தழும்பு, எல்லாம் சரியா இருக்கு.”

“அப்ப அச்சுப்பிழை. நாப்பது வருஷம் பார்த்தவன் சொல்றேன், தேதியிலதான் நிறைய வரும்.”

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். ஓர் அச்சகத்தில் நாற்பது ஆண்டுகள் புரூஃப் பார்த்து, அச்சுக்கு முன் பிழை திருத்தியவர். அங்கே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கொசு’. விட்டுப்போன ஒரு புள்ளியைக் காதோரம் வந்து சொல்லாமல் நகரமாட்டாராம். கல்யாண அழைப்பிதழ் வந்தால் முதலில் சிவப்புப் பேனாவைத் தேடுவார். ஒருமுறை திருத்தியதை மாப்பிள்ளையின் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கல்யாணத்தில் எங்களை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அவர் தன் அப்பாவைத் தேடத் தொடங்கினார். தாத்தா போரில் பிடிபட்டுக் கைதிகள் முகாமில் காய்ச்சலால் இறந்துபோனார் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரியப்பாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கல்லறை எண். ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டிய மொழி அவருக்கு வராது. நான் இரண்டு மொழியிலும் படித்தவள், அதனால் விண்ணப்பங்களை நானே எழுதினேன்.

வந்த பதிலில் பாதியைத்தான் அன்று வாசலில் சொன்னேன். மீதி இதுதான். விடுதலையான தாத்தா, எல்லை மூடப்பட்டதால் ஊர் திரும்ப முடியாமல், அகதிகள் விடுதி ஒன்றில் மூன்று ஆண்டுகள் இருந்திருக்கிறார். அங்கே சலவைக்கூடத்தில் வேலை. மனைவி மக்களைத் தேடித்தரச் சொல்லி இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறார். இரண்டும் ‘முகவரியில் எவரும் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பியிருக்கின்றன. பிறகு வேறொரு நாட்டுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

முகவரியில் ஏன் எவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சாவுச் செய்தி வந்த மாதமே பாட்டி, வயிற்றில் என் அப்பாவோடு, வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். புது முகவரியை யாரிடமும் கொடுக்கவில்லை. யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

“தாத்தா செத்த செய்தி எப்படி வந்துச்சு பெரியப்பா?”

கைதிகள் பரிமாற்றத்தில் முன்னதாகவே ஊர் திரும்பிய ஒருவர் கடிதம் எழுதியிருந்தாராம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஒன்பது வயதுப் பெரியப்பாதான் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். கடிதம் இன்னும் அலமாரியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

“எனக்கு மனப்பாடம்,” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஒரு மாதம் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்தார். மேற்கொண்டு எனக்கு எதுவும் தெரியவில்லை.”

நான் கடிதத்தை எடுத்து அந்த வரியைப் பார்த்தேன். மழுங்கிய பென்சிலில் அவசரமாக எழுதியது. ‘இருந்தார்’ என்ற சொல்லில் ‘ரு’வின் சுழி ஒட்டிப்போய், சட்டென்று பார்த்தால் ‘ற’ போலத் தெரிந்தது. அடுத்த வரியைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இறந்துபோனவரைப் பற்றி மேற்கொண்டு தெரிய என்ன இருக்கிறது?

கடிதத்தை உறைக்குள் வைக்கப் பார்த்தேன். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

“குடு இப்படி.”

பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். அறுபது வருடங்களுக்கு மேல் அவரிடம் இருந்த அந்தத் தாளை அன்றுதான் அவர் புரூஃப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தொழில் பழக்கத்தில் விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி அங்கேயே நின்றது.

“மீதியையும் சொல்லு,” என்றார்.

சொன்னேன். விடுதி, சலவைக்கூடம், மனு, கப்பல். மனுவைச் சொன்னபோது மட்டும், “ரெண்டா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு அப்ப ஒன்பது வயசு பெரியப்பா.”

“வகுப்புல வாசிக்கணும்னா என்னைத்தான் எழுப்பி நிறுத்துவாங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் அப்பா அங்கே வருவதாக இருந்தது. எந்தப் படிவத்திலும் தந்தை பெயருக்குப் பக்கத்தில் ‘காலமானார்’ என்று எழுதியே வளர்ந்தவர் அவர். நான் முன்னாலேயே அவரிடம் சொல்லிவைக்கட்டுமா என்று கேட்டேன். பெரியப்பா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

“வேணாம். உங்கப்பன் தாத்தா முகத்தையே பார்க்காதவன். நான்தான் சொல்லணும். நீ பக்கத்துல உட்கார்ந்துக்கோ. நான் சுத்திவளைச்சு வேற பேச்சுக்குப் போயிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அப்படிப் போனேன்னா மரியாதை பார்க்காத. ‘பெரியப்பா, அந்தக் கடிதம்’னு சொல்லு.”