வீட்டு எண் 214

மெலானியா ஒபாந்தோ ரூயிஸ் எங்கள் கண் ஆஸ்பத்திரியின் பதிவு மேஜையில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். நான் அங்கே ஜீப் ஓட்டுகிறவன், பெயர் பயார்தோ. எங்கள் தலைநகர் மனாகுவாவில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது என்று பீற்றிக்கொள்வேன். அவள் எழுதிய விலாசம் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் அப்படிப் பீற்றிக்கொள்ளலாம்.

ஏதோ சில காலனிகளைத் தவிர இங்கே வீட்டுக்கு நம்பர் ஏது? அவள் எல்லோரையும் ஒரே கேள்விதான் கேட்பாள்: “உங்க வீட்டுக்கு நான் வரணும்னா பஸ்ஸை விட்டு எங்க இறங்கணும்?” பிறகு குனிந்து எழுதுவாள். ‘மெத்தைக் கடை இருந்த இடம், ஏரிப் பக்கம் இரண்டு தெரு, கிழக்கே அரைத் தெரு, பச்சைக் கேட், நாய் கடிக்காது.’ அந்த மெத்தைக் கடை பூகம்பத்தில் போய் நாற்பது வருஷம் ஆகிறது. அதனால் என்ன, எங்கே இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

மூன்று போன் நம்பராவது வாங்காமல் விடமாட்டாள்: சொந்தம், மூலைக்கடை, பக்கத்து வீடு. சலுகைக்குச் சலுகை சிம் மாற்றுகிற ஜனங்கள் நாங்கள். பெயரையும் முழுசாக எழுதுவாள், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயரோடு. அவளுடைய இரண்டும் அம்மா வழி. அப்பன் வந்து பதிய மாட்டேன் என்றுவிட்டான். அதைப் பார்த்துப் புருவம் தூக்கியவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பார்த்தவளுக்கு அடுத்தவர் பெயரில் பாதியை வெட்ட மனசு வராது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. எந்த நாட்டுக்காக எழுதிய புரோகிராமோ, குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், தெருவுக்கு ஒன்று, வீட்டு எண்ணுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. எண் இல்லாவிட்டால் சிவப்பாகி நின்றுவிடும். மெலானியா முதலில் பூஜ்யம் போட்டுச் சமாளித்தாள். நிர்வாகி பெரால்தா கண்டுபிடித்துவிட்டார்.

“இது பதிவா, கதையா? பூஜ்யம் போடக் கூடாது. நம்பர் இல்லாதவங்க நம்பரோட வரட்டும்.”

“வீட்டுக்கே நம்பர் இல்லைங்களே, எங்க போய் வாங்கிட்டு வருவாங்க?”

“அது உங்க வேலை இல்ல, மெலானியா. அடுத்த வருஷம் ஓய்வு, ஞாபகம் இருக்கில்ல?”

அவள் பணிந்துவிட்டாள். எனக்கு அவள் மேல்கூடக் கோபம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம், தானமாக வந்த கருவிழி ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்தது. காத்திருப்பவர்கள் பட்டியலில் முதல் பெயர் எவுசேபியா தலவேரா. வெளியூர் டாக்டர் மூன்று மணி வரைதான் காத்திருப்பார். ஆள் வராவிட்டால் அடுத்தவருக்கு. மெலானியா போன் போட்டாள். “அப்படி யாரும் இங்க இல்ல” என்று யாரோ ஒரு அம்மாள் வைத்துவிட்டாள்.

விலாசம் அச்சடித்த மாதிரி இருந்தது. தெருப் பெயர், வீட்டு எண் 214. மெலானியா திரையைக் கிட்டே போய்ப் படித்தாள். “இதை நான்தான் பதிஞ்சேன். தயங்காம நம்பர் சொன்னாளேன்னு சந்தோஷப்பட்டேன். பஸ்ஸைப் பத்திக் கேக்கவே இல்ல.”

மெலானியாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்தேன். 214 பெரிய வீடு. போனில் பேசிய அதே அம்மாள் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னாள்: “எவுசேபியாவா? துணி தேய்க்க வந்தவ. பார்வை சரியில்லாம என் பாவாடையைக் கருக்கிட்டா, நிறுத்திட்டேன். வீடா? சோப்பு ஃபேக்டரி இருந்த இடத்துக்கிட்டன்னு சொல்வா.”

சோப்பு ஃபேக்டரி இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று பூகம்பத்தில் இடிந்தது, இன்னொன்று பின்னால் எரிந்தது.

“இடிஞ்சதுதான்” என்றேன்.

“நிச்சயமா?” என்றாள் மெலானியா.

“என்கிட்டயா கேக்குற?”

எரிந்ததுதான். என் வாய்க்கொழுப்பில் ஐம்பது நிமிஷம் போயிற்று.

அங்கே மூலைக்கடைக்காரி கேட்டாள்: “எந்த எவுசேபியா? தலவேரா மாதுஸா, தலவேரா பவோனா?”

கம்ப்யூட்டரில் ஒரு குடும்பப் பெயர்தானே இருந்தது. “கண்ணு தெரியாதவங்க” என்றாள் மெலானியா.

“அப்ப மாதுஸ். வாழை மரத்து வீடு.”

மணி மூன்றே கால். மெலானியா கடை போனிலேயே ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். லியோன் ஊரிலிருந்து வந்திருந்த ரொட்டிக்காரர் ஒருவருக்கு ஆபரேஷன் தொடங்கியாயிற்று.

“திரும்பிடலாமா?” என்றேன்.

“வாய மூடிட்டு வா.”

எவுசேபியா வாசலில் உட்கார்ந்து சிவப்பு பீன்ஸில் கல்லை விரலால் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மெலானியா எதையும் மறைக்கவில்லை. கருவிழி வந்தது, மூன்று மணி, ரொட்டிக்காரர், எல்லாவற்றையும் சொன்னாள். “அடுத்தது எப்ப வரும்னு தெரியலம்மா. தப்பு என்னோடது.”

எவுசேபியாவின் விரல் பீன்ஸுக்குள் நின்றது.

“214ன்னு சொன்னது நான்தானேம்மா. எனக்கு முன்னாடி நின்னவரை நம்பர் இல்லன்னு திருப்பி அனுப்பினீங்க. காதுல விழுந்துச்சு. நான் வேலை பாத்த வீட்ல நம்பர் இருந்துச்சு, அதையே சொல்லிட்டேன். போனும் அங்கதான்.” முகத்தை மெலானியாவின் குரல் வந்த பக்கம் திருப்பினாள். “ஒண்ணு கேக்கட்டுமா? சோப்பு ஃபேக்டரி, வாழை மரம்னு உள்ளபடியே சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?”

மெலானியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இல்லம்மா” என்றாள். “உங்களையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.”