கட்டை, கிளி, உப்பு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். முப்பத்து மூன்று வருடம் திருகோணமலையில் கணிதம் படிப்பித்தவன். நிறுவ முடியாத எதையும் நம்புவதில்லை என்று வகுப்பில் பெருமையடித்தவன். இப்போது எழுபத்தாறு வயதில் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு, கிழவருக்கு வெயில் பட்டுவிட்டது என்று நீங்கள் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: நடுச்சாமத்திலோ மயானத்திலோ நடந்த விஷயமல்ல இது. பின்னேரம் நான்கரை மணிக்கு, நல்ல வெயிலில் நடந்தது.

முதலில் ஜெமீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிண்ணியாக்காரன், மீன் லொறி ஓட்டியவன். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. வாகனங்களை ஏற்றிக் கடக்கும் பாதைப்படகு ஒன்றுதான் இருந்தது. மூதூர்ப் பக்கத்தில் மீன் ஏற்றிக்கொண்டு வந்து கடைசிப் படகைத் தவறவிட்டால் ஐஸ் கரைந்துவிடும், மீன் பழுதாகிவிடும், முதலாளியின் வாயிலிருந்து தப்ப ஏலாது. அதனால் ஜெமீல் வேகம் பழகியது ஆசையில் அல்ல, படகைப் பிடிக்க. ஒரு நாள் கொழும்பு ரேஸ்காரர் ஒருவர் தன்னுடைய விலையுயர்ந்த காரில் அந்த மீன் லொறியை முந்தப் பார்த்திருக்கிறார். ஐந்து மைல் துரத்தியும் முடியவில்லை, மீன் தண்ணீர் கண்ணாடியில் தெறித்ததுதான் மிச்சம். அவரே ஜெமீலைத் தேடிப் பிடித்துத் தன் காரைக் கொடுத்தார். அடுத்த வருடம் ஜெமீல் ரலி என்கிற ரோட்டுக் கார் ஓட்டத்தில் நாட்டின் சம்பியன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை.

இந்த ஓட்டத்தில் சாரதி தனியே போவதில்லை. இடது பக்கத்தில் ஒருவர் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் வளைவு எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் நாள் இருவரும் மெதுவாக அந்த ரோட்டில் போய் எழுதிய குறிப்புகள் அவை. அந்த இடது பக்கத்து ஆள் நான்தான். ஒருமுறை பரீட்சைத் தாள் திருத்தக் கொழும்புக்குப் போக பஸ் கிடைக்காமல் அவனுடைய லொறியில் ஏறினேன். வழியெல்லாம் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டு, இத்தனை மணிக்குச் சந்தையில் நிற்பாய் என்று சொன்னேன், அப்படியே நின்றான். அன்று பிடித்த பிடி.

மற்றவர்கள் வளைவுகளுக்கு இலக்கம் வைத்திருந்தார்கள். ஜெமீலுக்கு அது சரிவரவில்லை. "நம்பர் சொன்னா நான் யோசிக்கோணும் சேர். ஊரைச் சொன்னா கால் தானா விளங்கிக்கொள்ளும்" என்றான். ஆகவே எங்கள் ஊர் ரோட்டுகளையே எடுத்துக்கொண்டோம். கடற்கரையோரமாக மெல்லத் திரும்பும் வளைவு உப்புவெளி, அதில் கால் எடுக்கத் தேவையில்லை. வயலோரம் மூன்றாம் கியருக்குக் குறைக்க வேண்டியது கிளிவெட்டி. வந்த பக்கத்துக்கே திரும்பிப் பார்க்க வைக்கும் மோசமான வளைவு கட்டைபறிச்சான். அங்கேதான் அவன் ஒரு தடவை முழு லொறி மீனையும் வயலுக்குள் கொட்டினான். உப்பு, கிளி, கட்டை, அதற்கு முன்னால் அந்த வளைவுக்கு இன்னும் எத்தனை மீற்றர் என்பது. நான் மூச்சு விடாமல் "அறுபது, கிளி இடது, நூறு, உப்பு வலது" என்று சொல்லிக்கொண்டு போவதைக் கேட்ட மற்ற அணிக்காரர்கள், இவர் காருக்குள் மந்திரம் ஓதுகிறார் என்று நம்பினார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

வென்று வந்த நாட்களைச் சொல்லவும் ஏலாது. படகிலேயே வெடி கொளுத்துவார்கள். ஜெமீலின் மனைவி நஸீமா வெற்றிக் கிண்ணத்தைக் கழுவி அதற்குள் பலூடா ஊற்றுவா. முதல் வாய் எனக்கு. "சேர்ட நாக்குத்தான் சம்பியன், என்ர கால் சும்மா" என்பான் ஜெமீல். 

நான்காம் தடவை. மலைநாட்டில் கடைசி ஓட்டம். அன்று காலை எங்களுக்கு முன்னால் போன கார் தேயிலைக்குள் உருண்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் காரில் குறிப்பு வாசித்தவர் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு ரோட்டோரம் நின்று, மற்றச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஒற்றைக் கால் எனக்குள் புகுந்துவிட்டது. முடிவுக்கு முந்திய வளைவு. கொப்பியில் என் கையெழுத்தில் தெளிவாகக் 'கிளி வலது' என்று இருந்தது. நான் "கட்டை" என்றேன். நாக்குத் தவறவில்லை. பயத்தில், தெரிந்துகொண்டே சொன்ன பொய். ஜெமீல் பிரேக்கை மிதித்தான். ஒன்றரைச் செக்கனில் தோற்றோம்.

முடிவில் இறங்கியபோது ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான். பிறகு கூடி நின்றவர்களிடம் திரும்பி, "என்ர கால் பயந்திட்டு" என்றான். அடுத்த வருடம் அந்தக் கொழும்பு ரேஸ்காரர் வேறு ஒருவருக்குப் புதுக் கார் கொடுத்தார். ஜெமீல் பழைய காரை விலைக்கு வாங்கிக் கொட்டிலில் நிறுத்திவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாரதிப் பயிற்சி கொடுத்தே சீவித்தான். என்னை ஒரு சொல் கேட்டதில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் அனுப்பினான், நானும் வெட்கமில்லாமல் தின்றேன். நான்கு வருடத்துக்கு முன் இருதய வருத்தத்தில் மௌத்தானபோது, மையவாடி வாசலில், பொய் சொன்னது நான்தான் என்ற அந்த ஒரு வசனத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல ஆள் இல்லை.

இந்த வருடம் அவனுடைய மகள் ரிஸ்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். பல் வைத்தியர், தகப்பனைப் போலவே சிரிப்பு. "சேர், வாப்பாட கார் ஓடுது. டவுன் கராஜில இருந்து உம்மாட்ட கொண்டுபோறன். இடது பக்கம் உங்கட இடம், வேற யாரையும் ஏத்த மாட்டன்." இன்றைக்கு நஸீமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

பழைய ஹெல்மட்டையும் போடச் சொன்னாள். காதுக்குள் பேசும் கருவியின் வயர் என் நெஞ்சில் சும்மா தொங்கியது. அது பொருந்த வேண்டிய பெட்டியை, எலி அரித்துவிட்டது என்று மெக்கானிக் கழற்றி எறிந்திருந்தார். சீனக்குடா தாண்டும்வரை ஆட்கள் கையசைத்தார்கள், நானும் மாப்பிள்ளை மாதிரிக் கையசைத்தேன். பாலத்துக்குச் சற்று முன்னால் ரிஸ்னா வண்டியைத் திருப்பினாள். பழைய படகுத் துறைக்குப் போகும் கிறவல் ரோட்டு அது, பாலம் வந்த பிறகு மனிதர் போவதில்லை. "வாப்பா இதாலதான் போவார் சேர். கொஞ்சம் மிதிக்கட்டா?" என்றாள். நான் பதில் சொல்ல முதல் மிதித்துவிட்டாள்.

அப்போதுதான் கேட்டது. நம்பினால் நம்புங்கள். இரு காதுக்குள்ளும், எஞ்சின் சத்தத்துக்கு மேலால், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் ஜெமீலின் குரல்.

"சேர், நித்திரையா? இருநூறு, உப்பு இடது, கால் எடுக்க வேணாம்."

என் நாக்கு என்னைக் கேட்கவில்லை. பழைய பழக்கத்தில் அதை அப்படியே உரக்கச் சொன்னது. ரிஸ்னாவுக்கு அவன் கார் பழக்கியதே இந்தச் சொற்களில்தான், அவள் யோசிக்காமல் அதன்படி போனாள். இருநூறு மீற்றரில் ரோட்டு இடது பக்கம் மெல்லத் திரும்பியது. "எண்பது, கிளி வலது." அதுவும் சரி. "மேடு. அங்கால மாடு நிக்குது, வலது பக்கத்தால." நான் சொன்னேன், மேட்டில் ஏறினோம், மேட்டுக்கு அப்பால் ஒரு மாடு நின்றது, வலது பக்கத்தால் போனோம். மாடு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ரிஸ்னா கத்திச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பயந்திருக்க வேண்டும், பயமே வரவில்லை. இருபத்திரண்டு வருடம் கழற்றி வைத்திருந்த கை காலையெல்லாம் யாரோ திரும்பப் பூட்டிவிட்டது போலிருந்தது.

பிறகு பனைகளுக்குப் பின்னால் மறைந்த ஒரு வளைவு. குரல், "கிளி வலது" என்றது. என் கண்ணுக்கு அது கிளியாகத் தெரியவில்லை. அந்த ஒற்றைச் சப்பாத்துக்காரர் ரோட்டோரம் நிற்பது போல் பட்டது. கட்டை என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன்.

"கொப்பியில உள்ளதைச் சொல்லுங்க சேர்."

என் கையில் கொப்பி இல்லை. அவன் கோபமாகச் சொல்லவுமில்லை, தேநீர் கேட்பது போலச் சொன்னான். நான் "கிளி வலது" என்று கத்தினேன். கார் பின்பக்கம் சறுக்கி, நிமிர்ந்து, குண்டு மாதிரி வெளியே வந்தது. கிளிதான். அந்த இடத்தில் நான் ஊளையிட்டேன் என்று ரிஸ்னா சொல்கிறாள், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அதை மறுக்கவில்லை.

அடுத்தது துறை. கொங்கிறீட் சரிவு, அதற்கு அப்பால் வெயிலில் மின்னும் தண்ணீர், வேறு ஒன்றுமில்லை. குரல் நிறுத்தவில்லை. அடுத்த குறிப்பையும் சொன்னது. ரிஸ்னா கால் எடுக்காமல், "அடுத்தது என்ன சேர்?" என்றாள். நான், "முடிஞ்சுது மகள், நிப்பாட்டுங்கோ" என்றேன். முன் ரயர்கள் நனைந்துதான் நின்றோம். அதற்குப் பிறகு ஹெல்மட்டுக்குள் என் மூச்சு மட்டும்தான்.

திரும்பிப் பாலத்தால் கிண்ணியாவுக்குப் போய் நஸீமாவிடம் சொன்னேன். முற்றத்தில் காரைத் தடவிக்கொண்டு நின்ற அவவிடம், ஒன்றையும் மறைக்காமல், கிளியைக் கட்டை என்று சொன்னதை. அவ காரிலிருந்து கையை எடுத்தா.

"பதினெட்டு வருசம் அந்த மனிசனை நான் ஏசியிருக்கன் சேர், அந்த இடத்தில ஏன் பிரேக் அடிச்சீங்க எண்டு. சாப்பிடக்குள்ளயும் பேசியிருக்கன். ஒரு நாள் வாய் துறக்கல்ல."

"அவனுக்குத் தெரியும், தங்கச்சி. முதல் நாள் மூன்று தரம் ஓடின ரோட்டு."

"தெரியாமலா? தெரிஞ்சுதான் ஏச்சு வாங்கியிருக்கார், கள்ளன்." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தா. பிறகு குசினிக்குப் போய், அலுமாரியிலிருந்த கிண்ணம் ஒன்றைக் கழுவி, விளிம்புவரை பலூடா ஊற்றிக் கொண்டுவந்து வைத்தா. "தனிய முடிக்கோணும். முடிக்காமப் போக ஏலாது. இதுதான் தண்டனை."

எனக்கு நீரிழிவு. முடித்தேன்.

ரிஸ்னா தன்னுடைய காரில் என்னைத் திரும்பக் கொண்டுவந்தாள். பாலத்தின் நடுவில் வந்தபோது, "சேர், துறையில ஏன் முடிஞ்சுது எண்டு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"தண்ணி தெரிஞ்சுது, மகள்."

"எனக்குத் தெரியல்ல" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "நீங்க சொல்லும் மட்டும் எனக்கு ரோட்டுத்தான் தெரிஞ்சது. நேரப் போய், இடது பக்கம் மெல்லத் திரும்பிச்சு. வடிவான ரோட்டு."

 துறையில் கேட்ட அந்தக் கடைசிக் குறிப்பை அவளுக்குச் சொல்லவில்லை, நஸீமாவுக்கும் சொல்லவில்லை, இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொப்பியில் உள்ளபடியே:

நூறு, உப்பு இடது, கால் எடுக்க வேணாம்.