கரையைக் கடந்த பிறகு

போன வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. சரியாக அப்போதுதான் என் மகளுக்கு ஃபோன் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம்.

நித்யா கடலூரில் வேலை பார்க்கிறாள். தேவனாம்பட்டினம் போகும் சாலையில், இரண்டு தோழிகளோடு வாடகைக்கு ஒரு மாடி ரூம். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். நாங்கள் இருப்பது சிதம்பரத்தில். காலையிலிருந்து டி.வி.யில் ‘தானே’ புயல்தான். எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் இத்தனை கிலோமீட்டர், இன்னும் தீவிரம்... துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணை உயர்த்திவிட்டார்கள் என்றதும் ஃபோனை எடுத்துவிட்டேன்.

“உடனே கெளம்புடி. மாமா வந்து கூட்டிட்டுப் போவாரு.”

“எதுக்கும்மா? இது கான்கிரீட் போட்ட மெத்தை வீடு, கெட்டியா இருக்கு. ஹவுஸ் ஓனரே கீழதான இருக்காங்க.”

“கடல் பக்கத்துல இருக்கேடி!”

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சுனாமி வந்ததும் இதே டிசம்பர் கடைசி வாரம்தானே? அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே கணக்கு. கடலைவிட்டு எவ்வளவு தூரமோ, அவ்வளவு பத்திரம்.

என் அண்ணன் பண்ருட்டிக்கு உள்ளே இருக்கிறார். பலாவும் முந்திரியும் சூழ்ந்த தோப்பு. நடுவில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. பாவம், நான் கூப்பிட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு கடலூர் போய் அவளை ஏற்றிக்கொண்டார். வீடு சேர்ந்துவிட்டோம் என்று ஃபோன் வந்தது. நிம்மதியாக ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

சாயங்காலம் கரண்ட் போனது. என் கணவர் கணக்கு வாத்தியார். அவருக்குப் புயலும் ஒரு கணக்குதான். மாவட்ட மேப்பை விரித்து, ரேடியோவைக் கேட்டுக் கேட்டு, டார்ச் வெளிச்சத்தில் பென்சில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

“கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல வருது. விடியக் காலைல கரையைக் கடந்துடும்.”

“அதோட முடிஞ்சிது இல்ல?”

 பென்சில் கரையில் நிற்கவில்லை. அப்படியே மேற்கே நகர்ந்தது... பண்ருட்டியை ஒட்டிப் போனது.

“புயல் என்ன பஸ்ஸா, கரை வந்ததும் எல்லாரும் எறங்கிட? மேல ஏறி உள்ளாரப் போவும். அங்க மரம்தான் ஜாஸ்தி.”

வருஷா வருஷம் ‘புயல் கரையைக் கடந்தது’ என்று கேட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் நாம். கடந்து எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். ஒரு ரிங் போனது. பிறகு அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவிலும் மரங்கள் சாய்ந்திருந்தன. ஆனால் பண்ருட்டிப் பக்கம் ரோடே இல்லை என்றார்கள். மரத்தின் மேல் மரம். என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போவார், பாதி வழியில் திரும்பி வருவார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை மதியம் வாசலில் பைக் சத்தம். அண்ணன். பின்னால் என் பெண். வண்டியில் கயிறு போட்டுக் கட்டிய அரிவாள். குறுக்கே கிடந்த கிளைகளை வெட்டி வெட்டி வந்திருக்கிறார்கள்.

“ஷீட்டெல்லாம் அப்பளமா பறந்துச்சும்மா. பம்ப் செட் ரூம்ல உட்கார்ந்துட்டோம். மாமா கதவப் புடிச்சிக்கிட்டே நின்னாரு” என்றாள் நித்யா. முழங்கையில் சிராய்ப்பு. மற்றபடி முழுசாக இருந்தாள். கடலூர் ரூமில் தோழிகள் பத்திரமாம். ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும் உடைந்ததாம்!

“தோப்பு?” என்று இவர் கேட்டார்.

“ஒண்ணு நிக்கல, மச்சான்.”

என்னால் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நான்தாண்ணே தெரியாம...” என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“விடும்மா. அடுத்த புயலுக்கு நாங்க குடும்பத்தோட இவ ரூமுக்குப் போயிடுறோம்.”